நாற்பதும் நாற்பத்தாறும்

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் பல்லி டீச்சர். வைத்தது என் புருஷன் சதீஷ்குமார். வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். கூடவே பல்லிகளின் குரோமோசோம்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. புலி, யானை என்று எடுத்திருந்தால் சொந்தக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். பல்லி என்று சொன்னதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூடிப்போன ஒரு தோல் ஷெட் இருக்கிறது. அதன் சுவரில் பல்லிக்குப் பஞ்சமே கிடையாது. எனக்குப் பிடித்துக் கொடுப்பது என் நாத்தனார் கலையரசி. நான் பல்லிகளைப் பற்றிப் பத்து வருஷம் படித்தவள், ஆனால் ஒன்றைக் கையால் பிடிக்க எனக்கு இன்னும் கூசும். அவள் ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். தோலை மெஷினுக்குள் தள்ளித் தள்ளிப் பழகிய கை. பொத்தென்று அமுக்கி, வாலை ஒடிக்காமல் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். பிறகு டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடிவயிற்றைப் பார்ப்பாள். தொடையின் உள்பக்கம் புள்ளி புள்ளியாகத் துளை வரிசை இருந்து, வால் துவங்கும் இடம் புடைத்திருந்தால் ஆண். அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"இது ஆம்பள அண்ணி. ரெண்டு பொம்பளைய தொரத்திக்கினு சுத்திச்சி. சாவட்டும்" என்பாள்.

சாகத்தான் வேண்டும். பல்லியின் குரோமோசோமை எண்ணுவதற்கு அதை உயிரோடு விட்டு வேலை ஆகாது. முதலில் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, பிளந்துகொண்டிருக்கும் செல்களைப் பாதியில் நிறுத்த வேண்டும். பிறகு அதைக் கொன்று, தொடை எலும்பின் மஜ்ஜையை எடுத்து, செல்கள் உப்பும்படி ஊறவைத்து, கண்ணாடித் தகட்டின் மேல் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செல் உடைந்து உள்ளே இருப்பது பரவும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் நாற்பது குச்சிகள் தெரியும். பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டும் கை நீண்டவை. பெரிதில் ஆரம்பித்துச் சிறிதுவரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நடுவில் இடைவெளியே இருக்காது. ஜோடி ஜோடியாக அடுக்கினால் இருபது ஜோடி. எந்த ஜோடி அதை ஆணாக்கியது, எது பெண்ணாக்கியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எல்லா ஜோடியும் ஒரே சாடை. ஆணுடைய தகட்டையும் பெண்ணுடைய தகட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கண்ணுக்கு அகப்படாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆகிறது.

கலையரசிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கம்பெனியிலேயே கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் ராஜேஷ் என்ற பையன் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய், அம்மாவோடு வந்து பெண் கேட்டான். நல்ல பையன்தான், சிரித்த முகம். என் மாமியார் பட்டம்மாளுக்கு நிலைகொள்ளவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலேயே ஷூவுக்குக் கை தையல் போட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். மகளுக்கு ஒரு நல்லது நடந்தால் போதும் என்று இருந்தாள்.

எல்லாம் பேசி முடித்து, கல்யாணத் தேதி குறிக்கிற நாளில் ராஜேஷின் அம்மா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"பொண்ணு தலைக்கு ஊத்திக்கிற தேதி இன்னாங்க? அத பாத்துத்தான் முகூர்த்தம் வைக்கணும்."

எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் இதைக் கேட்காமல் நாள் குறிக்க மாட்டார்கள். மணமேடையில் உட்காரும் நாளில் பெண் விலக்காகிவிடக் கூடாது. என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் என் அம்மா வாய் கூசாமல் தேதியைச் சொன்னாள். பட்டம்மாள் மட்டும் அன்று தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, "மாசக் கடைசி" என்றாள். பிறகு, "இல்லல்ல, நடுவுல" என்றாள். ராஜேஷின் அம்மா அவளையே பார்த்தாள். "கேட்டு வச்சிட்டு சொல்லுங்க, அவசரமில்ல" என்று எழுந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ஷெட் சுவர் அருகே டப்பாவோடு நின்றுகொண்டிருந்த கலையரசி, பல்லியைப் பிடிக்காமலே, "அண்ணி, ஒண்ணு சொல்றேன், கத்தாதீங்க" என்றாள். "எனக்கு தேதியே கெடையாது. ஒரு தடவகூட வந்ததில்ல."

"மஞ்ச நீராட்டு போட்டோ கூடத்துல மாட்டியிருக்கே?"

"அது அம்மா பண்ணது. என் வயசு பொண்ணுங்க எல்லாம் உக்காந்துடுச்சிங்க. சித்தி, பெரியம்மா எல்லாரும் தெனம் கேட்டாங்க. அம்மாவுக்கு ரொம்ப பேஜாராயிடுச்சி. எப்ப இருந்தாலும் வரத்தானே போவுது, முன்னாடியே பண்ணிடலாம்னு சொல்லிடுச்சி. நானும் சரின்னு சேல கட்டிக்கினு உக்காந்துட்டேன்."

ஊரையே கூட்டி, பேனர் வைத்து, தாய்மாமன் சீர் வரிசை வாங்கி, நடக்காத ஒன்றுக்கு விழா எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு டாக்டரிடம் எப்படிப் போவது? போனால் விழா பொய்யாகிவிடும். அதனால் மாதம் ஒரு முறை இவள் தானாகவே மூன்று நாள் ஓரமாகப் படுத்திருக்கிறாள். பேப்பரில் எதையோ சுற்றி எறிந்திருக்கிறாள். ஆறு வருஷம் அதே வீட்டில் இருந்த எனக்கு, பல்லியின் தொடையில் துளை எண்ணத் தெரிந்த எனக்கு, ஒன்றும் தெரியவில்லை. பட்டம்மாள் மேல் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் கத்தவில்லை, கத்த வேண்டாம் என்று கலையரசி கேட்டுக்கொண்டாளே.

வேலூரில் டாக்டர் சைராவிடம் அழைத்துப்போனேன். அவர் நிதானமானவர். ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார். பிறகு ஒரு நாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, குரோமோசோம் படத்தை என் பக்கம் திருப்பினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வரிசை வரிசையாக நாற்பத்தாறு. கடைசி ஜோடியில் ஒன்று பெரியது. இன்னொன்று பொடிசு. மனிதனுடைய ஒய்க்கு ஒளிந்துகொள்ளவே தெரியாது, பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பல்லிக்குக் கிடைத்த மறைவு இவளுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் கலையரசியிடம் நேராகச் சொன்னார். "உன் குரோமோசோம் எக்ஸ் ஒய். அதனால வயித்துக்குள்ள இருக்கிறது ஆண் சுரப்பி. அது ஹார்மோன் சுரக்குது. ஆனா உன் உடம்புக்கு அந்த ஹார்மோன் சொல்றது காதுல விழாது. அதனால கரு நாள்ல இருந்தே நீ பொண்ணாதான் வளர்ந்திருக்க. கர்ப்பப்பை இல்ல, அதனாலதான் விலக்கு வரல. அந்த சுரப்பிய மட்டும் வருஷா வருஷம் ஸ்கேன்ல பாத்துக்கணும். பின்னாடி தேவைப்பட்டா எடுத்துடலாம்."

"அப்ப நான் இன்னா டாக்டர்?"

"நீ பொண்ணு. இதுல எனக்கு சந்தேகமே இல்ல."

"இத யாருகிட்ட சொல்லணும்?"

"யாருகிட்ட சொல்லணும்னு நீ நினைக்கிறியோ, அவங்ககிட்ட மட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கலையரசி ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டியதும், பல்லியில் இது எப்படி என்று கேட்டாள். நான் சொன்னேன். பல்லி இனத்தில் எல்லாக் கூத்தும் உண்டு. சிலதில் அப்பன் கொடுக்கும் குரோமோசோம் முடிவு செய்யும், நம்மைப் போல. சிலதில் அம்மா கொடுப்பது. சிலதில் குரோமோசோமுக்கு வேலையே இல்லை, முட்டை கிடக்கும் மண் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஆண் என்பதே இல்லாமல் பெண்ணாகவே பெருகும் வகையும் இருக்கிறது. பல்லியை விட்டால், ஆஸ்திரேலியாவில் ஓர் ஓணான் இருக்கிறது. அதற்கு ஆணுக்கான குரோமோசோம் இருந்தாலும் முட்டை அதிகச் சூட்டில் கிடந்தால் பெண்ணாகப் பொரியும். அது முட்டையும் போடும்.

"அதுங்கள்ல எது பொண்ணுன்னு யாரு முடிவு பண்றது?"

"யாரும் பண்றதில்ல. முட்ட போட்டா பொண்ணு."

"நான் போட மாட்டேனே அண்ணி."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆம்பூர் பாலம் வந்ததும் அவளே, "ராஜேஷ்கிட்ட நானே சொல்றேன். ஞாயித்துக்கெழம சொல்றேன். வேணான்னா வேணான்னு போகட்டும். வேலை இருக்குது, நான் இருக்கிறேன். அதுவரைக்கும் வீட்ல சொல்லாதீங்க" என்றாள். கல்யாணம் போனால் போகட்டும், கம்பெனியும் தையல் மெஷினும் பக்கத்து சீட் ஹீனாவும் இருந்தால் போதும் என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். எட்டாவது வரிசையில் ஹீனாவும் இவளும் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டம்மாள் கலையரசியின் பையைத் திறந்து டாக்டர் கொடுத்த குரோமோசோம் படத்தை எடுத்துவிட்டாள். அடுப்பங்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "இதுல இருக்கிற பூச்சி பூச்சியா இன்னாது? நீதானே இத படிச்ச, சொல்லு" என்று அழுதாள். கலையரசி அருகில் நின்று, "சொல்லிடுங்க அண்ணி" என்றாள். சொன்னேன். டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன். கிழவிக்கு நெஞ்சு வெடித்துவிடுமோ என்ற பயத்தில் பல்லிக் கதையையும் ஓணான் கதையையும் சொன்னேன். உலகத்தில் இது நடக்கிறதுதான், நம் வீட்டில் மட்டும் நடந்த அநியாயம் அல்ல என்று அவளுக்குப் புரிந்தால் போதும் என்று இருந்தது.

"நம்ம பொண்ணு பொண்ணுதானே?"

"பொண்ணுதான் அத்த."

"அது போதும்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, பட்டம்மாள் நல்ல சேலை உடுத்தி, பூ வாங்கிக்கொண்டு, ராஜேஷின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தேதி கேட்டு வைக்கச் சொன்னார்களே, பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறாள். முதல் பொய்யை ஊர் கூட்டிச் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் சொல்ல மனம் வரவில்லை. உட்கார வைத்து காபி கொடுத்த சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கர்ப்பப்பை இல்லை, விலக்கு வராது, உள்ளே ஆம்பளைச் சுரப்பி, ஆம்பளைக் குரோமோசோம். "ஆனா பயப்பட ஒண்ணுமில்லீங்க, எங்க மருமவ இதுலயே பெரிய படிப்பு படிக்கிறா, பல்லிக்கு ஓணானுக்கெல்லாம் இப்டி இருக்குதாம்" என்று ஆறுதலும் சொல்லியிருக்கிறாள். ராஜேஷின் அம்மா அவள் குடித்த காபி டம்ளரைக்கூடக் கழுவாமல் வாசலில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கலையரசி போன் செய்தபோது ராஜேஷ் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவன் கட்டிங் செக்‌ஷனில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறான். எவ்வளவு பேசினான் என்று தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அவள் கை கழுவப் போன இடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பாத்ரூம் கதவருகே யாரோ பல்லி மாதிரி 'ச்சு ச்சு' என்று சத்தம் போட்டார்கள். ஹீனா அன்று டப்பாவைத் திறக்கவில்லை, பசியில்லை என்றாள்.

இத்தனையும் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வாசலில் இருந்தது.

ஷூ கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு அந்த வாசல் தெரியாது. ஷிஃப்ட் விட்டதும் ஆம்பளைகள் ஒரு வரிசை, பொம்பளைகள் தகரத் தடுப்புக்குப் பின்னால் இன்னொரு வரிசை. தோல் துண்டு, ஷூவின் மேல்பாகமாகத் தைக்கிற அப்பர், பசை, எதையும் மடியில் முடிந்துகொண்டு போய்விடக் கூடாது என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்கள் பக்கம் செக்கிங் செய்பவள் முத்துமாரி. ஐந்து வருஷமாக தினமும் கலையரசியைத் தடவிப் பார்த்து, ஊர்க்கதை பேசி அனுப்புகிறவள். அந்தத் திங்கட்கிழமை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம் போ. எனக்கு பொம்பளைங்கள பாக்கத்தான் சம்பளம்."

கலையரசி அந்தப் பக்கம் போனாள். அங்கே ஆம்பளைகளுக்குச் செக்கிங் செய்யும் வீரபாகு பட்டாளத்தில் இருந்து வந்தவர், வயதானவர். "பொம்பள மேல என்னைய கைய வைக்கச் சொல்றியா? எனக்கும் பொண்ணுங்க இருக்குது" என்று முத்துமாரியிடம் சண்டைக்குப் போனார். இவர்கள் சண்டையில் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க, கடைசியில் யாரும் தொடாமல் கலையரசி வெளியே போனாள். அன்றிலிருந்து தினமும் அப்படியே. தகரத் தடுப்புக்கும் ஆம்பளை வரிசைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் அவள் நடந்து வெளியே போவாள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் வந்து, "நான் இப்ப விஐபி அண்ணி. மேனேஜருக்குக்கூட செக்கிங் இருக்குது, எனக்கு இல்ல" என்று சிரித்தாள். சதீஷ் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுவாரம் அவர்கள் செக்‌ஷனில் ஒரு கட்டு அப்பர் காணாமல் போனது. கன்றுத் தோல், ஏற்றுமதி ஆர்டர். தேடினார்கள், கிடைக்கவில்லை. கம்பெனியில் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். தினமும் தடவிப் பார்க்கப்படாமல் வெளியே போவது ஒரே ஓர் ஆள். யார் என்று யோசிக்க யாருக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டு ஆள் யாராவது வர வேண்டும் என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. சதீஷ் போக மாட்டேன் என்றான். "அங்க என் தோஸ்துங்க பாதிப் பேரு வேலை செய்யறானுங்க. மூஞ்ச எங்க கொண்டுபோயி வச்சிக்கிறது?"

"உன் தங்கச்சிய திருடின்னு சொல்றாங்க, உனக்கு மூஞ்சி பிரச்சினையா?"

"நீதானே பல்லி கதையெல்லாம் சொன்ன, நீயே போ."

போனேன். ஆள்கள் விவகாரம் பார்க்கும் அதிகாரி தானியேல், மரியாதையானவர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். கலையரசி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு நாற்காலி இல்லை. முத்துமாரியும் வந்திருந்தாள்.

"திருடிட்டாங்கன்னு நாங்க சொல்லல மேடம். ஆனா செக்கிங் இல்லாம ஒருத்தர் போறாங்கன்னா எங்களுக்கு ரிஸ்க். அவங்கள எந்தப் பக்கம் செக் பண்றதுன்னு எங்களுக்கு ஒரு தெளிவு வேணும்."

டாக்டர் சைரா எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். அதில் இவர் பெண் என்று தெளிவாக இருந்தது. தானியேல் அதைத் தாண்டிப் போய் அடுத்த வரியில் நின்றார். "நாற்பத்தாறு, எக்ஸ் ஒய்" என்று வாய்விட்டுப் படித்தார். "எக்ஸ் ஒய்ன்னா ஆண்தானே மேடம்? பத்தாவதுலயே படிச்சிருக்கோமே."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பத்தாவதுல படிச்சத வச்சிக்கிட்டு பேசாதீங்க சார். உங்க குரோமோசோம யாராவது எண்ணிப் பாத்தாங்களா? உங்களது? இந்தம்மாவோடது? இந்த கம்பெனில மூவாயிரம் பேரு இருக்காங்க, எண்ணிப் பாத்தது இவளுக்கு மட்டும்தான். மத்தவங்க எல்லாரும் வாய் வார்த்தையிலதான் அந்த வரிசையில நிக்கிறீங்க. நான் எண்றவ, எனக்குத் தெரியும். குச்சிய பாத்து ஆள சொல்ல முடியாது."

"பல்லிக்குத்தானே மேடம் நீங்க எண்றது?" என்றார் அவர். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். முத்துமாரி முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

நான் முத்துமாரியிடம் திரும்பினேன். "அஞ்சு வருஷமா தொட்ட உடம்புதானே? போன மாசம் வரைக்கும் பொம்பளையா இருந்தது இப்ப இன்னா ஆச்சு?"

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப தெரியாது. இப்ப தெரிஞ்சு எப்டி தொட்றது? என் வீட்டுக்காரரு கேட்டா நான் இன்னா சொல்றது?" அவள் குரல் நிஜமாகவே நடுங்கியது. எனக்கு அவளை அறையவும் தோன்றியது, இவளும் பாவம்தான் என்றும் தோன்றியது.

தானியேல் தீர்ப்பைச் சொன்னார். புகார், போலீஸ் என்று எதுவும் வேண்டாம். கலையரசியே வேலையை விட்டு நின்றுகொண்டால், நல்ல விதமாக எழுதித் தருவார்கள். வேறு எங்காவது போகலாம். நான் வாய் திறப்பதற்குள் கலையரசி சுவரை விட்டு முன்னே வந்தாள்.

"நின்னுக்கறேன் சார். ஆனா இன்னைக்கு என்னை செக் பண்ணித்தான் அனுப்பணும். லேடீஸ் லைன்ல. செக் பண்ணாம போனா நான் எடுத்துட்டுப் போன மாதிரி ஆயிடும். அஞ்சு வருஷம் இங்க வேலை செஞ்சிருக்கேன், திருடின்னு பேரோட வெளிய போக மாட்டேன்."

தானியேல் முத்துமாரியைப் பார்த்தார். முத்துமாரி தரையைப் பார்த்தாள். "பாருங்க, பண்ணி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சங்கு ஊதியது. தையல் செக்‌ஷனிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கலையரசி அவர்களுக்கு முன்னால் போய் தகரத் தடுப்புக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துத் தூக்கினாள். பின்னால் வரிசை சேர்ந்தது. முத்துமாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வரவில்லை.

"பேர்ணாம்பட்டு பஸ்ஸு போய்டும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"இன்னாத்துக்கு வழிய மறிச்சிக்கினு நிக்குது?"

"அந்தப் பக்கம் போவச் சொல்லு."

கலையரசி கையை இறக்கவில்லை. அவளுக்கு நேர்ப்பின்னால் ஹீனா நின்றுகொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வரிசையிலிருந்து விலகி, இரண்டடி தள்ளி நின்றாள். முத்துமாரி உடனே அங்கே போய் அவளைத் தடவிப் பார்த்து அனுப்பினாள். மற்றவர்களும் ஹீனா நின்ற இடத்துக்கு நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் புது வரிசை உண்டாகி, சுறுசுறுப்பாக நகர ஆரம்பித்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. பழைய வரிசையில் கலையரசி மட்டும் கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

கடைசிப் பெண்ணும் போனாள். பஸ்கள் கிளம்பின. முத்துமாரி நாற்காலியை உள்ளே எடுத்துப்போட்டு, எங்களைப் பார்க்காமல் போய்விட்டாள்.

"கைய எறக்குடி" என்றேன். "வா, போலாம்."

"நீங்க பண்ணுங்க அண்ணி."

"இன்னாத்துக்கு? யாரு பாக்கறாங்க?"

"பண்ணுங்க."

பண்ணினேன். தோளைத் தொட்டேன், அக்குளில் கை வைத்தேன், இடுப்பைச் சுற்றித் தடவினேன். மண்டியிட்டு முழங்கால், கணுக்கால் வரை பார்த்தேன். என் கையில் வளர்ந்த பெண் இல்லைதான், ஆனால் ஆறு வருஷமாகத் தலை பின்னிவிட்டிருக்கிறேன். ஒரு மாதத்தில் இத்தனை மெலிந்துபோயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. எழுந்து நின்றேன். அவள் இன்னும் கையை இறக்கவில்லை.

"முடிஞ்சுதுடி."

"முடிஞ்சா முதுகுல தட்டி, போன்னு சொல்லுவாங்க. சொல்லாம போகக் கூடாது."

வேலையை, சினேகிதியை, கட்டிக்கொள்ள இருந்தவனை விட்டுவிட்டுப் போகிறவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். வலி தாங்காமல் ஒரு கை தாழ்ந்தது, மறுபடியும் உயர்த்திக்கொண்டாள். நான் அழுதுகொண்டே அவள் முதுகில் தட்டினேன்.

"போ" என்றேன்.

கையை இறக்கினாள். சுடிதாரை நீவிவிட்டுக்கொண்டு, எனக்காக நிற்காமல், பெண்கள் போகிற வாசல் வழியாக வெளியே போனாள்.